சைக்கிளை விட்டு இறங்கி ஐந்து நிமிடம்

இன்று பிரஷர் பார்க்கச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். வரிச்சிக்குடியிலிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்த களைப்பு. மூச்சு வாங்க உட்கார்ந்ததுமே சிஸ்டர் என் கையில் பட்டையைச் சுற்றினார். நூற்று அறுபத்தெட்டு.

"கூடிப்போச்சு தாத்தா. டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்ப்பாங்க."

இருக்கிற மாத்திரைக்கே தலை சுற்றுகிறது. இன்னொன்று என்றால் சைக்கிளையே விட்டுவிட வேண்டியதுதான்.

எதிர்ச் சுவரில் ஒரு தாள். முதியோர் கல்வி வகுப்பில் கற்ற தைரியத்தில் எழுத்துக் கூட்டிச் சத்தமாகவே படித்தேன்: "அளக்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவும்."

"நான் எங்கம்மா ஒக்காந்தேன்?"

"கூட்டத்தப் பாத்தீங்களா தாத்தா?"

உள்ளேயிருந்து டாக்டரம்மா குரல் கொடுத்தார்: "அவர் சொல்றது சரிதான் சிஸ்டர். ஆராய்ச்சி பண்ணிப் பாத்துத்தான் அப்படிப் போட்டிருக்காங்க. ஒக்கார வச்சுப் பாருங்க."

உட்கார்ந்தேன். திரும்ப அளந்தார். நூற்று முப்பத்திரண்டு! பழைய மாத்திரையே போதுமாம்.

சிஸ்டர் சிரித்துவிட்டார். "அந்தத் தாள ஒட்டுனதே நான்தான் தாத்தா. இதுவரைக்கும் ஒருத்தரும் படிச்சதில்ல."

ஒட்டியவரும் படிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. சைக்கிளில் திரும்பி வந்துவிட்டேன்.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரிச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது? பார்த்து எழுதுங்கள். மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் விடமாட்டேன்.