மேனேஜர் மகள் படித்த என் கட்டுரை

மேசை மேல் கவிழ்த்து வைத்த காகிதங்கள் என்றால் எனக்கு இன்றும் ஆகாது. அறுபதுகளில், பம்பாய் மாட்டுங்காவில், காலை ஏழு மணிக்கு நடக்கும் கல்லூரி வகுப்பு அது. எங்கள் ஆங்கிலப் பேராசிரியருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கட்டுரைகளைப் பெயர் போடாமல் மேசையில் கவிழ்த்துவிட வேண்டும். ஒவ்வொருவராக எழுந்து போய், கைக்கு வந்ததை எடுத்து உரக்கப் படிக்க வேண்டும். எழுதியது யார் என்று தெரியாது, ஆகவே கூச்சம் இருக்காது என்பது அவர் கணக்கு. முப்பத்தெட்டு வயதில் மாணவனான எனக்கு மட்டும் அந்தக் கணக்கு உதவவில்லை. எல்லாரும் கையால் எழுதினார்கள். நான் ஸ்டெனோ. கட்டுரையைக் கூட ஆபீஸ் மெஷினில் டைப் அடித்து, மேலே தேதி போட்டு, கீழே கையெழுத்துக்கு இடமும் விட்டுக் கொண்டுபோவேன். என் காகிதத்தை எடுத்தவன் வாயைத் திறப்பதற்குள் வகுப்பு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்துவிடும்.

மராத்திப் பையன்கள் என்னைக் காகா என்றார்கள், தமிழ்ப் பையன்கள் மாமா என்றார்கள். முதல் வாரத்தில் ஒரு பெண்ணின் தகப்பனார் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொழந்தை புதுசு சார், கொஞ்சம் பாத்துக்கோங்கோ" என்றார். "கவலையே படாதேள்" என்று அனுப்பிவைத்தேன். வருஷம் முழுவதும் நான் அந்தக் குழந்தையைப் பார்த்துத்தான் காப்பியடித்தேன்.

இந்தச் சிரிப்பெல்லாம் மேலுக்கு. உள்ளே பயம்தான். நான் படிப்பது ஆபீசில் யாருக்கும் தெரியாது. காலைக் கல்லூரிக்குப் போன குமாஸ்தா ஒருவரை மேனேஜர் நான் சேர்வதற்குச் சற்று முன்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். "கார்த்தால காலேஜ், பகல்ல கொட்டாவி. அதுக்கு நான் சம்பளம் தரணுமா ஓய்?" என்று அவர் கேட்டது என் காதிலேயே இருந்தது. பட்டம் இல்லாவிட்டால் கடைசிவரை ஸ்டெனோ, விஷயம் வெளியே வந்தால் அதுவும் இல்லை. மனைவி, இரண்டு குழந்தைகள், வாடகை அறை எல்லாம் அந்த ஒரு நாற்காலியின் மேல் நின்றுகொண்டிருந்தன. பாடப் புத்தகங்களை டிபன் பையில் போட்டு, மேலே சாப்பாட்டு டப்பாவை வைத்து மறைத்துத்தான் ஃபோர்ட்டில் இருந்த ஆபீசுக்கு ரயிலேறுவேன்.

இவ்வளவு பயந்தவன் சும்மா இருந்திருக்கலாம். 'எனக்குத் தெரிந்த ஒரு மனிதர்' என்று தலைப்புக் கொடுத்தபோது, நான் மேனேஜரைப் பற்றி எழுதினேன். வந்த கவர்களைக் கிழித்து உள்பக்கத்தில் கணக்குப் போடுவது, கார்பன் தாளை வெளிச்சத்தில் பிடித்து இன்னும் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது, எல்லாவற்றையும் எழுதினேன். மனிதர்களையும் அப்படித்தான் பிடித்துப் பார்ப்பார் என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியில் எனக்குக் கர்வம்.

முன்வரிசையில் உட்காரும் ஒல்லியான பெண் ஒருத்தி அதை எடுத்தாள். வகுப்பில் நம்பர் சொல்லித்தான் ஆஜர் எடுப்பார்கள், அவள் யார் வீட்டுப் பெண் என்று எனக்குத் தெரியாது. கவர் விஷயம் வந்ததும் சட்டென்று நிறுத்தினாள். காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மேனேஜர் என்று நான் அடித்திருந்த இடத்திலெல்லாம் ஹெட்மாஸ்டர் என்று மாற்றிப் படித்தாள். என் கர்வ வரியை விட்டே விட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது பின்னாலேயே வந்தாள். "மாமா, அப்பா ஆத்துலதான் கவரைக் கிழிச்சு எழுதறார்னு நெனச்சேன். ஆபீஸ்லயுமா?"

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். "சொல்லிடுவியாம்மா?"

"நான் அப்பாவோட பேசறதே இல்லையே மாமா" என்றாள்.

அந்தப் பதில் எனக்குத் தெம்பு தரவில்லை. பேசாத பெண் என்றாவது பேசிவிட்டால்? ஆபீசில் மேனேஜர் மணி அடித்தால் நோட்டும் பென்சிலும் எடுக்காமலே ஓடினேன். இதற்கு நடுவில் அவளுடைய கட்டுரை வந்தது. ஒரு குஜராத்திப் பையன் படித்தான். அப்பாவின் பூட்ஸ் சத்தம் படியில் கேட்டதும் வீட்டில் பேச்சு நின்றுவிடும், அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள், தம்பி புத்தகத்தைத் திறந்துகொள்வான், ஆளுக்கொரு வேலை வந்துவிடும் என்று எழுதியிருந்தாள். பூட்ஸ் என்றதுமே எழுதியது அவள்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. யார் அந்த அப்பா என்பது அந்த அறையில் அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. ஆபீசில் அந்தச் சத்தத்துக்கு நாங்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். மேசையில் நான் டைப் அடித்த கடிதம். "நான் நாலு வரி சொன்னா நீர் ரெண்டு வரி அடிக்கறீர். யார் சொல்லிக்கொடுத்தா?"

பேராசிரியர் வேண்டாத சொற்களை வெட்டு வெட்டு என்று சொல்லிச் சொல்லி, என் விரல்கள் மேனேஜரின் சொற்களையும் வெட்டத் தொடங்கியிருந்தன. கல்லூரிப் பெயரைச் சொல்லிவிட்டேன். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தும் உட்காரவில்லை. "என் பொண்ணும் அங்கதான். எழுதறாளாமே. என்னைப் பத்தி ஏதாவது எழுதறாளா ஓய்?"

அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதில்லை. அவள் எனக்காக ஹெட்மாஸ்டர் போட்டதுபோல நானும் எதையாவது மாற்றிச் சொல்லத்தான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. "உங்க பூட்ஸ் சத்தத்தைப் பத்தி எழுதியிருக்கா சார். கேட்டதும் ஆத்துல பேச்சை நிறுத்திட்டு எல்லாரும் எழுந்துடுவாளாம்."

"மரியாதைக்கா?"

நான் மேசைமேல் இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்தபடியே, "கொட்டாவி மட்டும் விடாதேயும், போம்" என்றார்.

வேலை பிழைத்தது. அடுத்த வாரம் அந்தப் பெண் படியில் என்னை நிறுத்தினாள். "அப்பாவுக்கு என்னமோ ஆயிடுத்து மாமா. கீழேயே பூட்ஸைக் கழட்டி, கையில எடுத்துண்டு மாடியேறி வரார். முன்னாடியாவது சத்தம் கேக்கும். இப்போ திரும்பிப் பாத்தா நிக்கறார். எல்லாருக்கும் தூக்கிவாரிப் போடறது."

அவர் ஏன் அப்படி வருகிறார் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் சொன்னதை அவரிடம் சொல்லவும் வரவில்லை.

இப்போது செம்பூரில் என் வீட்டிலும் எழுதுகிற பேத்தி ஒருத்தி இருக்கிறாள். அவள் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த அறைக்குள் போக வேண்டியிருந்தால், இருமிக்கொண்டு போவதா, சத்தமில்லாமல் போவதா என்று தெரியாமல் நிலைப்படியிலேயே நின்றுவிடுகிறேன்.