மர்செலாவுக்குப் போர்த்திய பொன்னாடை

என்ர அகதி மனுவை நிராகரித்தபோது எனக்காக மேன்முறையீடு எழுதித் தந்தவ மர்செலா. அவவும் சிலியிலிருந்து அகதியாக வந்தவதான். எங்கட பகுதிச் சபைக்குத் தெரிவான முதல் லத்தீன் அமெரிக்கப் பெண். நாங்கள் இருக்கிற ட்வெய்ட்டாவில் அவவிடம் உதவி கேட்டுப் போகாத தமிழ்க் குடும்பம் குறைவு.

போன தேர்தலில் அவவின்ர கட்சிப் பட்டியலில் தமிழர் ஒருவரும் நின்றார். இஞ்சை வாக்குச்சீட்டுப் பட்டியலில் விரும்பிய பெயர்களுக்கெல்லாம் புள்ளடி போடலாம்; கூடப் புள்ளடி விழுந்தவைக்குத்தான் இடம் கிடைக்கும். இரண்டு பேருக்கும் போட்டிருக்கலாம். நான்தான் வீடு வீடாகப் போய், "எங்கட ஆளுக்கு மட்டும் போடுங்கோ, அப்பதான் அவர் மேலுக்கு வருவார்" என்று சொன்னனான். நானும் அப்படியேதான் போட்டனான். அவர் வென்றார். மர்செலா தோற்றுப்போனா.

தோற்கடித்த கையோடை அவவுக்குப் பாராட்டு விழாவும் வைத்தோம். எங்கட ஆக்களுக்கு அது கைவந்த கலை. பொன்னாடை போர்த்தியது நான். புற்றுநோயில் மெலிந்த தோளில் அது நிற்காமல் வழுக்கியது. பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீயாவது எனக்குப் புள்ளடி போட்டாயா?" என்று மெதுவாகக் கேட்டா.

"ஓம், போட்டனான்" என்றேன்.

"அது போதும்" என்று என் கையைத் தட்டினா.

சில கிழமைகளில் இறந்துபோனா. தேவாலயத்தில் பெட்டிக்கு மேல் அந்தப் பொன்னாடையை விரித்திருந்தார்கள். பின்னால் நின்ற என்னை அவவின்ர மகள் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய், குடும்பத்தார் இருந்த முன்வரிசையில் இருத்தினாள்.

"அம்மாவுக்குப் புள்ளடி போட்டவர் இவர்தான்" என்று அவர்களிடம் சொன்னாள்.

அவர்கள் ஒவ்வொருவராக எனக்குக் கை தந்தார்கள். நான் எல்லோருக்கும் கை கொடுத்தேன்.