கட்டியை எடுத்த பிறகு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை புறநோயாளிகள் பிரிவில் இருந்தபோது சரோஜினியின் தம்பி உள்ளே வந்தார். சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் இருப்பவர். "அக்கா போயிட்டாங்க டாக்டர். காப்பி குடிச்சிட்டு அப்படியே சாஞ்சவங்கதான்" என்றார். வெளியே நோயாளிகள் வரிசையில் காத்திருந்தார்கள். எல்லோரையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் போனேன். பாதியில் எழுந்து வந்திருந்தால் சரோஜினிக்குப் பிடித்திருக்காது.

அவரோடு பழகி, இன்று அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். எங்கள் மருத்துவமனையில் சமூகப் பணியாளர், ராசிபுரத்துக்காரர். எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் என் அறைக்கு வந்து, புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. "கட்டியை எடுத்தாச்சு, கதிர்வீச்சுக் கரண்டும் வெச்சாச்சு. இதுல ஆராய என்னம்மா இருக்கு?" என்றேன்.

"கட்டிய எடுத்துட்டீங்க. ஆளு ஊடு போய்ச் சேந்தாங்களான்னு பாக்க வேண்டாமுங்களா?"

மறுபரிசோதனைக்கு வராதவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறினார். அவர்களில் பலர் இறந்திருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். சிலர் இறந்துதான் போயிருந்தார்கள். அந்த வீடுகளிலும் உட்கார்ந்து, கடைசி நாட்களில் வலிக்கு என்ன கொடுத்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுதி வருவார். கதவைச் சாத்திக்கொண்டவர்களும் உண்டு. அதையும் எழுதுவார்.

ஒருமுறை என்னையும் எடப்பாடிக்கு அழைத்துப் போனார். பாவாயி என்ற நெசவாளிப் பெண். மார்பகப் புற்றுநோய்க்கு எங்களிடம் சிகிச்சை முடித்தவர். உயிரோடு இருந்தார், ஆனால் மாட்டுக்கொட்டகை ஓரத்தில். தட்டு தனி, சொம்பு தனி. கணவர் செங்கோடன் கெட்டவர் அல்ல. தலை குனிந்தே பேசினார். "ஒட்டிக்கும்னு அக்கம்பக்கத்துல சொன்னாங்கம்மா. கொழந்தை இருக்குது. அதானுங்க..."

சரோஜினி பாவாயியின் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது ஒட்டற நோய் இல்லைங்க" என்றேன்.

செங்கோடன் நிமிர்ந்தார். "ஆஸ்பத்திரியில அத்தன நாளு இருந்தமே, ஒருத்தரும் இதச் சொல்லலீங்களேய்யா."

அறுவைக்கு ஒப்புதல் வாங்கும்போது அதே மனிதரிடம் நான்தான் பேசியிருந்தேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு எனக்கு நேரம் இல்லாமல் போயிருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் சரோஜினி என்னைக் குற்றம் சொல்லவில்லை. நிலக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார், அவ்வளவுதான்.

ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. பாவாயிக்கு அறுவை செய்த பக்கத்துக் கை வீங்கியிருந்தது. தறியில் உட்கார்ந்தால் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. விரல்களால் சுவரைப் பிடித்து ஏறுவதுபோல் நாள்தோறும் கையை உயர்த்தச் சொல்லி, எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வருவார் சரோஜினி. மூன்றாவது முறை அவர் போனபோது பாவாயி வீட்டுக்குள் மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். மறுநாள் அதைச் சொல்ல வந்தவர், என் அறையில் ஒரு வரிசை நோயாளிகள் நிற்பதைக்கூடக் கவனிக்கவில்லை. மறுபரிசோதனைக்கு மூன்று பேரும் சேர்ந்தே வந்தார்கள்.

அதற்குப் பின் எங்கள் வார்டில் ஒரு வழக்கம் வந்தது. வீட்டுக்கு அனுப்பும் முன் குடும்பத்தாரை உட்காரவைத்து, ஒட்டாது, சேர்ந்து சாப்பிடலாம், இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்புவோம். மறுபரிசோதனைக்கு வராமல் நின்றவர்களும், சரோஜினி தேடிப் போய்ப் பேசியதில், ஒவ்வொருவராகத் திரும்ப வரத் தொடங்கினார்கள்.

தன் ஆய்வை மருத்துவர்கள் கூட்டத்தில் சரோஜினி வாசித்தபோது, "இதெல்லாம் பொம்பளைங்க சொல்ற குறைதானே" என்றார் ஒருவர். "ஆமாங்க. கேக்க ஆளு இல்லாததால குறையாவே நின்னுபோச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அந்த ஆய்வுக்காகப் பாவாயியிடம் கேட்டு அவர் நிரப்பிய கேள்விப் படிவம் என்னிடம் இருக்கிறது. அதன் கடைசிக் கேள்வி: 'நாங்கள் கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா?' அதற்குப் பாவாயி சொன்ன பதிலைச் சரோஜினி அப்படியே எழுதியிருக்கிறார்: "அடுத்த வருசம் என்ன பண்ணப் போறேன்னு யாரும் கேக்கலீங்க."

இப்போது சிகிச்சை முடிந்து கிளம்பும் ஒவ்வொருவரிடமும், அடுத்த வருசம் என்ன பண்ணப் போறீங்க என்று கேட்கிறேன். முதலில் திகைப்பார்கள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மகள் கல்யாணம், கிணறு வெட்டுவது, புதுத் தறி என்று பேச ஆரம்பிப்பார்கள். சரோஜினி எனக்கு விட்டுப்போனது அந்தப் பேச்சு.