சாப்பிட்டதாக எழுதிய சாப்பாடு

கையேட்டின் நான்காம் பிரிவு, இரண்டாம் விதி: "சரிபார்ப்பு அலுவலர், விருந்தினர் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்து, ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்ட பிறகே வீட்டைப் பரிந்துரைக்க வேண்டும்."

நல்ல விதி. அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். மீறியவனும் நான்தான்.

அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற பிறகு, ஒரு ஆப் நிறுவனத்தில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தேன். முன்பதிவு செய்து, உள்ளூர்க்காரர் வீட்டுக்கே போய்ச் சாப்பிட உதவும் ஆப் அது. சமைப்பவர் ஹோஸ்ட். சாப்பிட வருபவர் கெஸ்ட். ஹோஸ்ட் வீட்டின் அடுப்படி, தண்ணீர், கழிப்பறை ஆகியவற்றைப் பார்த்துப் படிவம் நிரப்புவது என் வேலை. இப்போது இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதல் வருகை

திருநின்றவூரில் ஏறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறிக் கும்மிடிப்பூண்டி போனேன். பகல் நேரத்து ரயிலில் பாதித் தூக்கத்தில் போகிறவனுக்கு வயலும் புகைபோக்கியும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும். தொழிற்பேட்டையைத் தாண்டி, ஊருக்கு வெளியே இருந்த காலனியின் மூன்றாம் தெருவில் ஸ்டெல்லாவின் வீடு. கணவருக்கு இரும்பு உருக்காலையில் வேலை. ஸ்டெல்லா ஒரு கம்பெனி கேண்டீனில் எட்டு வருடம் சமைத்தவர். கேண்டீனை மூடியதும் ஆப்பில் விண்ணப்பித்திருந்தார்.

எல்லாம் விதிப்படி இருந்தது. மேசையில் தட்டு வைத்தார். சர்க்கரை இருக்கிறது, வீட்டிலேயே சாப்பிட்டாயிற்று என்றேன். இரண்டும் பொய் இல்லை. இரண்டும் காரணமும் இல்லை. காலனி வீட்டில் நான் அதுவரை சாப்பிட்டதில்லை. விசாரணைக்கென்று எத்தனையோ காலனிகளுக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு சரியில்லாமல் இருந்திருக்கிறது.

என் பையிலிருந்த பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, ரயிலில் படிவத்தை நிரப்பினேன். 'சாப்பிட்டது: மீன் குழம்பு. சுவை: நன்று.'

2. மூன்று கேன்சல்

முன்பதிவு ஆன பிறகுதான் முழு முகவரி கெஸ்ட்டுக்குத் தெரியும். ஸ்டெல்லாவுக்கு வந்த முதல் மூன்று பதிவுகளும், முகவரி தெரிந்த சில நிமிடங்களில் ரத்தாயின. காரணம் என்ற இடத்தில் மூவரும் 'திட்டம் மாறியது' என்பதையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி மாறும் திட்டம் எதுவென்று எனக்குத் தெரியும். சிஸ்டத்துக்குத் தெரியாது. மூன்று கேன்சல் ஆனால் ஹோஸ்ட்டை நிறுத்திவைத்து, விசாரித்து நீக்கலாம் என்பது அதன் விதி.

மேனேஜரைப் போனில் கூப்பிட்டேன். "அட்ரஸ்ல அந்த ஒரு வார்த்தைய எடுத்துட்டா முடிஞ்சுது சார்," என்றார். நியாயமான யோசனையாகத்தான் பட்டது. நேரில் சொல்வது மரியாதை என்று மறுபடியும் ரயில் ஏறினேன்.

ஸ்டெல்லா முழுதும் கேட்டுக்கொண்டார்.

"அத்த எடுத்துட்டா வாசல் வரைக்கும் வந்து பாத்துட்டுத் திரும்பிப் போவாங்க சார். அதுக்கு போன்லயே போயிடட்டும்."

பிறகு ஆப்பில் தன் வீட்டுக்கான பக்கத்தைத் திறந்து, போனை என்னிடம் காட்டினார்.

"நீங்க எழுதிக்கிறத படிச்சேன். மீன் கொழம்பு நல்லா இருந்துச்சுன்னு போட்டுக்கிறீங்க. அன்னிக்கு நான் வெச்சது கருவாட்டுக் கொழம்பு."

குரலில் கோபம் இல்லை. நான்தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"எட்டு வருசம் கேண்டீன்ல எல்லா ஊட்டு ஆளுங்களும் ரெண்டாவது தபா கேட்டு வாங்கித் துண்ணாங்க. அங்க யாரும் அட்ரஸ் கேக்கல. நீங்களே துண்ணாம போனப்ப, அவங்கள நான் இன்னா சொல்றது?"

3. முழுச் சாப்பாடு

இன்றைக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"இன்னா சார், இன்னிக்கு சுகர் இல்லியா?" என்றபடி தட்டை எடுத்தார்.

சோறு, கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். ஜன்னல் வழியே வெயில் தட்டின் ஓரத்தில் விழுந்தது. சோற்றின் ஆவி அந்த வெளிச்சத்துக்குள் ஏறி, மெல்லக் கலைந்தது. தூரத்து உருக்காலையின் சத்தம் நீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. முதல் கவளத்தைச் சிறியதாக எடுத்தேன். மூன்றாவது கை நிறைய. எத்தனையோ மதியங்களில், எத்தனையோ வீடுகளில், எனக்காக வைத்து அப்படியே எடுக்கப்பட்ட தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த மேசைக்கு வந்து போயின. ஸ்டெல்லா மறுபடி சோறு வைத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அன்றே நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பினேன். என் அறிக்கை பொய். இன்று சாப்பிட்டேன். இத்துடன் சரியான அறிக்கை. முகவரியைப் பார்த்த பிறகு கெஸ்ட் ரத்து செய்தால் அதை ஹோஸ்ட் மீது ஏற்றக் கூடாது. நகலை ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். பத்து நாளுக்கு ஒருமுறை நினைவூட்டினேன். அவர் வீட்டுப் பக்கம் மட்டும் ஆப்பில் மூடியே கிடந்தது.

வீடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போகிறவர்களே, உங்கள் வயிறு ஏன் சரியில்லை என்பதை முதலில் விசாரியுங்கள். அதற்குப் படிவம் கிடையாது.

பதில் இரண்டே பத்தி. ஸ்டெல்லாவின் வீடு மீண்டும் திறக்கப்படுகிறது. மூன்று கேன்சலும் நீக்கப்படுகின்றன. பொய் அறிக்கை தந்த அலுவலர் இன்று முதல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். மூன்றும் சரியான உத்தரவுகள். வந்த தேதி: ஆவணி இருபத்தேழு, வெள்ளிக்கிழமை.