தலைகீழாகக் கூவிய குக்கூ

செவெரினுக்குப் பதக்கம் கிடைத்த செய்தியை லாண்டோலின் டோல்டுக்குச் சொன்னது அவன் மனைவி ஒட்டீலியாதான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்தவள், "கேட்டீங்களா, நம்ம செவெரின் கடிகாரத்துக்கு வெள்ளிப் பதக்கமாம். பேப்பர்ல பேரு போட்டிருக்கு" என்றாள்.

"என் பேரு?"

"உங்க பேரு எதுக்கு?"

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் அவன் கையிலிருந்த கறுப்பு ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

ஷோன்வால்ட் ஊருக்கு மேலே இருந்த அந்தப் பள்ளத்தாக்கில் செவெரின் ஹூக் கடிகார முகப்பு செதுக்குபவன். மணிக்கு மணி கதவைத் திறந்து கூவும் மரக்குயிலுக்கு லாண்டோலின் குரல் செய்பவன். ஒரே வயது, ஒரே பள்ளிக்கூட பெஞ்சு. லாண்டோலினின் வேலை எல்லாம் பெட்டிக்குள்ளே. இரண்டு சின்ன மரக்குழல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஆட்டுக்குட்டித் தோல் ஒட்டிய ஒரு துருத்தி. முதல் குழல் 'குக்' என்னும், அடுத்தது சுரம் இறங்கி 'கூ' என்னும். அந்த இறக்கம் சரியாக வரவேண்டும் என்பதற்காக வசந்தம் முழுக்க அவன் காலையில் காட்டோரம் போய் நின்று நிஜக் குயில் கூவுவதைக் கேட்டுவிட்டு வந்துதான் குழலில் கத்தி வைப்பான்.

அவர்களுடைய அப்பாக்கள் காலத்தில் கடிகார முகம் என்பது ரோஜாப்பூ வரைந்த வெறும் பலகை. பிறகு ரயில்பாதைக் காவலாளியின் வீடு மாதிரிக் கூரை வைத்த பெட்டி வந்தது. கூரைமேல் திராட்சைக்கொடி ஏறியது, முயல் தொங்கியது, மான்தலை முளைத்தது. வாங்க வந்தவர்கள் மான்கொம்பைத் தடவித் தடவிப் பார்த்து, செதுக்கியது யார் என்று விசாரித்தார்கள். கதவு திறந்து பறவை கூவினால் சிரித்தார்கள், இன்னொரு தரம் கூவவைக்கச் சொன்னார்கள். குரல் யாருடையது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

பதக்கத்துக்குப் பிறகு ஃப்ராங்க்ஃபர்ட் வியாபாரி ஓப்ரெக்ட் தானே மலையேறி வருவதாகக் கடிதம் போட்டார். அவருக்குக் காட்டப் புதுக் கடிகாரம் தயாரானது. குழல்களைப் பொருத்த லாண்டோலின் செவெரினின் பட்டறைக்குப் போனபோது, பதக்கம் சன்னலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. வெயில் பட்டு அது கண்ணைக் குத்தியது.

"மாட்டிட்டுப் போ. நான் கேட்டுப் பாக்க வேண்டியதே இல்லை. நீ வச்சா சரியாத்தான் இருக்கும்" என்றான் செவெரின், உளியிலிருந்து தலை தூக்காமல்.

நம்பிக்கையில் சொன்ன வார்த்தை. லாண்டோலினின் காதில் அது 'நீ பெட்டிக்குள்ளேயே கிட' என்று விழுந்தது. இரண்டு குழல்களையும் இடம் மாற்றித் திருகிவிட்டு, மூடியைச் சாத்தி, தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ஞாயிறு பூசை முடிந்து ஊரே சாராயக்கடையில் கூடியிருந்தது. கடிகாரம் சுவரில் ஏறியது. ஓப்ரெக்ட் மூக்குக்கண்ணாடியை மாட்டி ஒவ்வொரு இலையாகப் பார்த்தார். பன்னிரண்டு அடித்தது. கதவு திறந்தது. 'கூ-குக்' என்றது பறவை, கீழிருந்து மேலே. பன்னிரண்டு தரம்.

பிறகு கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரிச் சிரிப்பு. "செவெரின், உன் குயிலு வாலால கூவுதுடா!" என்று ஒருவன் கத்தினான். செவெரினின் காது மடல் சிவந்தது. ஒரு மூலையில் செர்ரிச் சாராயத்தோடு இருந்த லாண்டோலினுக்கு உள்ளுக்குள் தேன் வார்த்தது போல இருந்தது.

அது ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. ஓப்ரெக்ட் மேசையைத் தட்டினார்.

"அடடா, கேள்வி கேக்கற மாதிரியே கூவுதே! ஊர்ல எல்லார் வீட்டுக் குக்கூவும் ஒரே பாட்டு. இந்த மாதிரி ஒரு டஜன் எனக்கு வேணும். ஹூக், உங்க மூளையே மூளை!"

லாண்டோலின் எழுந்ததில் நாற்காலி சாய்ந்தது.

"அவன் மூளை இல்லை! நான் பண்ணினது அது!"

"நீ ஏன்டா பண்ணினே?" என்றான் செவெரின், மெதுவாக.

"உன்னை அவமானப்படுத்த" என்றான் லாண்டோலின்.

செவெரின் கடிகாரத்தைச் சுவரிலிருந்து இறக்கினான். "எழுதிக்குங்க, ஐயா. குரல், லாண்டோலின் டோல்ட். பேரு விட்டுப்போகக் கூடாது. முகப்புக்கு அவனை வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

அந்த ஒரு டஜனை லாண்டோலின் அடுத்த பள்ளத்தாக்கு ஆளின் முகப்புகளோடு செய்து அனுப்பினான். ஒவ்வொரு பெட்டியிலும் அவன் பெயர் இருந்தது. விற்காமல் ஒன்பது திரும்பி வந்தன.

மூன்று வருடம் பேச்சில்லை. செவெரினுக்குக் குழல் செய்ய ட்ரீபெர்கிலிருந்து ஒருவன் வந்தான். சாலையில் போகும்போது சன்னல் வழியாக அந்தக் குரல் கேட்கும். சளி பிடித்த குரல். முதலில் லாண்டோலினுக்குச் சந்தோஷமாக இருந்தது. போகப்போக அந்த ட்ரீபெர்க்காரன்மேலும் பொறாமை வந்தது: இவ்வளவு மோசமாகச் செய்பவனுக்கு அந்தப் பட்டறையில் உட்கார இடம் இருக்கிறதே!

ஒரு மே மாதம் பொறுக்க முடியாமல் உள்ளே நுழைந்துவிட்டான். பெட்டியின் மூடியைக் கழற்றி, குழலை எடுத்து ஊதிப் பார்த்து, கத்தியால் சீவத் தொடங்கினான். செவெரின் செதுக்குவதை நிறுத்தவில்லை.

"கீழ்ச்சுரக் குழல் தப்பா இருக்கு" என்றான் லாண்டோலின் கடைசியில்.

"தெரியும். மூணு வருஷமாத் தெரியும்."

"அப்புறம் ஏன் வித்தே?"

"யாரும் கேக்கலியே. எல்லாரும் மானையே பாக்கறாங்க." செவெரின் சிரிக்கவில்லை. "உக்காருடா. நின்னுகிட்டே சீவினா விரல் போயிடும்."

அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் ஒன்றாக வேலை செய்தார்கள். லாண்டோலினுக்குப் பொறாமை போய்விட்டது என்று சொல்ல முடியாது. வியாபாரி வரும் நாளில் மட்டும் அவன் முகம் சுண்டிப்போகும், செவெரின் அதைக் கண்டும் காணாததுமாக இருப்பான்.

செவெரின் நெஞ்சில் சளி கட்டி இறந்தபோது நான்கு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. சவப்பெட்டியின் முன்கோடியைத் தூக்கியவன் லாண்டோலின். தோளில் பாரம் அழுத்த அழுத்தக் கண்ணீர் தாடியில் இறங்கியது. திரும்பி வரும்போது ஒட்டீலியாவிடம், "எனக்கு இவ்வளவு பேர் வரமாட்டாங்க" என்றான்.

"மழை வருது. நடங்க" என்றாள் அவள், அவன் கையைப் பிடித்துக்கொண்டு.