கட்டியகாரன் பாடிய சோலைவரிப் பட்டியல்

கூத்துக்கு நடுவில் கட்டியகாரன் இடுப்புச் சால்வைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த மூன்று தாள்களை வெளியே எடுத்த அந்த நொடி இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தத் தாள்களை அடித்துக் கொடுத்தவன் நான். மேல் மூலையில் எங்கள் பிரதேச சபையின் முத்திரையும் இருந்தது. அரசன் வருமுன் வந்து வரவு சொல்லிப் பகிடி விடுகிற கட்டியகாரன், சோலைவரி என்கிற வீட்டுவரியைக் கட்டியவர்களின் பெயரைப் பாடப் போகிறான் என்றால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். இந்த வேலையைத் தொடக்கிவிட்டவர் கடைசி வரிசையில், மடியில் கைப்பையோடு இருந்தார். அவர்தான் எங்கள் சபையின் செயலாளர்.

அவர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸில் கடற்பாலம் தாண்டி எங்கள் தீவுக்கு வந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் கந்தோர் யன்னல்களைத் திறந்துவிடுவார். நான் வருமானப் பரிசோதகர். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய் வரி கேட்கிறவன். என் சத்தம் கேட்டதும் குசினிக்குள் ஒளிந்த குடும்பத்தலைவர்கள் எத்தனை பேரென்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இப்படி நாய்க்கடிக்குத் தப்பித் தப்பிச் சேர்த்த பணத்தை வேறு எவருக்காவது கொடுப்பதென்றால் எனக்குப் பொறுக்காது. கலை, விஞ்ஞான மன்றங்களுக்கு உதவி என்று வரவு செலவுத் திட்டத்தில் ஒரு சிறிய தொகை இருந்தது. வருடா வருடம் அதற்கு எதிராகக் குறிப்பெழுதியவனும் நான்தான்.

அந்த வருடம் இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. ஒன்று கரையோரக் கத்தோலிக்கக் கிராமத்துக் கூத்துக் குழுவினுடையது. மற்றது பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் நடத்திய விஞ்ஞான மன்றத்தினுடையது. கிணறு கிணறாகப் போய் உப்பு அளப்பதுதான் அவர்களுடைய வேலை. பிரான்சிலிருந்த ஒரு பெரியவர் இரண்டுக்கும் முழுச் செலவையும் தானே தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் மேடைத் திரையில் அவருடைய தகப்பனாரின் படம் இருக்க வேண்டும். அவருடைய காணிக் கிணற்றின் உப்பளவை மட்டும் வெளியே சொல்லக்கூடாது, அவர் அந்தக் காணியை விற்க இருந்தார். சபை உறுப்பினர்களுக்கு மகா சந்தோசம், எனக்கும்தான். செயலாளர் மட்டும் வேண்டாம் என்றார். "சும்மா வாற காசை ஏன் மிஸ் வேண்டாமெண்டுறியள்?" என்று கேட்டேன்.

"சும்மா வரேல்லையே அண்ணை," என்றார். "கிணத்துக் கணக்கில ஒரு கிணறு குறையுது. நாளைக்கு கூத்திலயும் ஒண்டு குறைக்கச் சொல்லுவினம். இஞ்ச இருக்கிற சனத்தின்ர காசில நடந்தா, அது இஞ்ச இருக்கிற சனத்துக்குத்தான் பதில் சொல்லும்."

எனக்கு அப்போது அது புத்தகப் பேச்சாகத்தான் பட்டது. ஆனாலும் அவர் கூட்டத்தில் ஒவ்வொரு உறுப்பினராகப் பேசிச் சம்மதிக்க வைத்தார். பிரான்ஸ் காசை விட்டுவிட்டு, சபையின் தொகையை இரண்டு குழுவுக்கும் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுத்தோம்.

பிறகு அண்ணாவியார் கந்தோருக்கு வந்தார். கூத்தைப் பழக்குகிறவர் அவர். காசு கொடுத்தவரைக் கூத்துக்கு நடுவில் பெயர் சொல்லிப் புகழ்ந்து ஒரு அடி பாடுவதும், பெயர் வந்ததும் அவர் எழும்பி நின்று ஏற்றுக்கொள்வதும் அங்கே வழக்கம். இந்த முறை யாரைப் பாடுவது, சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளரையா, செயலாளரையா என்று கேட்டார். செயலாளர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "வரி கட்டின ஆக்களைப் பாடுங்கோ. அண்ணை பட்டியல் தருவார்."

இந்தச் செய்தி எப்படித்தான் பரவியதோ, அடுத்த வாரம் என் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. என்னைக் கண்டால் ஒளிகிறவர்கள் சலவைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து பழைய நிலுவையும் சேர்த்துக் கட்டினார்கள். என் உத்தியோகத்தில் அப்படியொரு வாரத்தை நான் கண்டதில்லை. அந்தச் சந்தோசப் புளுகத்தில்தான் பிழை விட்டேன். பற்றுச்சீட்டுகளைப் பார்த்துக் கட்டியவர்களின் பெயரை எடுக்காமல், வரி கட்டப்பட்ட வீடுகளைக் குறித்துக்கொண்டு, வரிப் பதிவேடான இடாப்பிலிருந்து அந்த வீட்டு உரிமையாளர்களின் பெயரை அப்படியே அடித்துவிட்டேன். எங்கள் தீவில் வீடு ஒருவர் பெயரில் இருக்கும், ஆள் கனடாவில் இருப்பார், அல்லது செத்துச் சேமக்காலையில் இருப்பார்.

உயிர்ப்புப் பெருநாள் முடிந்த சனிக்கிழமை மாலை, அந்தக் கிராமத்துக் கத்தோலிக்கக் கோயில் வளவில் கூத்து. முதற் தாளிலேயே, செத்து வருடக்கணக்கான ஒரு வள்ளச் சொந்தக்காரச் சம்மாட்டியாரின் பெயர் வந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "உயிரோட இருக்கேக்க கட்டாத மனிசன், இப்பதான் கட்டியிருக்கிறார்" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். மேடைக்கு ஓடிப்போய்த் தாள்களைப் பறிக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

இரண்டாம் தாளின் நடுவில் கட்டியகாரன் நின்றுவிட்டான். மத்தளமும் நின்றது. அவன் பார்த்துக்கொண்டிருந்த பெயர் எதுவென்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவனோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்த கூட்டாளியின் பெயர். சண்டைக் காலத்தில் ஒரு நாள் தனியாகக் கடலுக்குப் போன அந்தப் பொடியன் திரும்பி வரவில்லை. யார் பிடித்தது, எங்கே கொண்டுபோனது, ஒன்றும் தெரியாது. வீடு அவன் பெயரில். தாய் ஒவ்வொரு தை மாதமும் முதல் ஆளாக வந்து முழு வருடத்துக்கும் வரி கட்டுவார். வீட்டைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அதற்கு மரணச் சான்றிதழ் வேண்டும். அந்தக் கடதாசியை எடுக்க அவர் ஒருநாளும் சம்மதிக்கவில்லை.

தாய் முன்னால் பாயில் இருந்தார். கட்டியகாரன் அவரைப் பார்த்தான், அண்ணாவியாரைப் பார்த்தான். அண்ணாவியார் தலையசைத்ததும் பாடினான். மற்றவர்களுக்கு ஒரு அடி, கூட்டாளிக்கு நாலு அடி. மகனின் முழுப் பெயரும் ஒலிபெருக்கியில் கடற்கரை வரைக்கும் போனது. தாய் எழும்பினார். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, பாட்டு முடியும்வரை நேராக நின்றார், பிறகு இருந்தார். நான் அழுதேன் என்பதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை.

திங்கட்கிழமை செயலாளரிடம் போய் என் பிழையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. சில மாதங்களில் கணக்காய்வுத் திணைக்களத்திலிருந்து விளக்கம் கேட்டு ஐயவினா வந்தது. மறைந்தவர்களையும் ஊரில் இல்லாதவர்களையும் வரி செலுத்தியவர்களாகப் பொதுப் பணத்தில் அறிவித்தது எப்படி? இனிப் பற்றுச்சீட்டில் 'செலுத்தியவர்' என்றுள்ள பெயரைத்தான் வாசிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அந்த உதவியையே நிறுத்திவிடலாம் என்று உறுப்பினர்கள் திரும்பவும் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பட்டியல் தன்னுடைய பணிப்பின்படியே தயாரிக்கப்பட்டது என்று செயலாளர் பதில் எழுதினார். என்னைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அந்த வருடம் வரி கூடுதலாகச் சேர்ந்ததையும், பிரான்ஸ் பெரியவரின் கிணறு உட்பட எல்லாக் கிணறுகளின் உப்பளவும் சபை வாசலில் எழுதித் தொங்குவதையும் சேர்த்துக்கொண்டார். உதவி தப்பியது.

அடுத்த தை மாதம் அந்தத் தாய் வழமைபோல முதல் ஆளாக வந்தார். செயலாளரும் அன்று என் மேசையருகில் நின்றார். புது விதியை நான் மெல்லச் சொன்னேன். "அம்மா, இனி கட்டுற ஆளின்ர பேர்தான் வாசிக்கலாம். உங்கட பேரைப் போடட்டோ?"

அவர் காசை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பூசையில அவன்ர பேரைச் செத்த ஆக்களோட சேர்த்து வாசிக்கினம். அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில காணாமல் போன ஆக்களோட சேர்த்து வாசிக்கினம். அண்டைக்கு ஒரு நாள்தான் அவனை ஊரில வரி கட்டுற மனிசன் எண்டு வாசிச்சவை."

நான் செயலாளரைப் பார்த்தேன். "எழுதுங்கோ அண்ணை," என்றார். செலுத்தியவர் என்ற இடத்தில் மகனின் பெயரை எழுதினேன். தாய் சீட்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்துவிட்டு, முழு வருடத்துக்கும் முதலே கட்டினதுக்கான கழிவைப் போட்டாச்சோ என்று கேட்டார். போட்டாச்சு என்றேன்.

செயலாளர் அந்த வருடமே வன்னிப் பக்கம் மாற்றலாகிப் போனார். நானும் பென்சன் எடுத்து இளைப்பாறிவிட்டேன். என் கதிரையில் இப்போது ஒரு பிள்ளை இருக்கிறது. அந்த வீட்டுப் பற்றுச்சீட்டை எப்படி எழுதுவது என்று அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். தாய் இப்போது நடக்க ஏலாமல் ஓட்டோவில் வந்து கட்டுகிறார். கூத்து முடிகிற ஒவ்வொரு வருடமும் மறுநாட் காலை செயலாளர் எனக்குத் தொலைபேசி எடுப்பார். இந்த முறையும் எடுத்தார். என் சுகம், என் மனைவியின் சுகம், மழை பெய்ததா என்றெல்லாம் விசாரித்தபின்தான் கேட்டார்:

"அண்ணை, எல்லாற்ற பேரும் வாசிச்சவையோ?"

"ஓம் மிஸ்," என்றேன். "எல்லாற்ற பேரும்."