வெள்ளத்துரையின் மடியும் முதலாளியின் கம்ப்யூட்டரும்

சங்கரன்கோவிலில் ஒரு நூல் கம்பெனிக்கு 1986-இல் கம்ப்யூட்டர் வந்தது. அதற்காக ஏ.சி. வந்தது. இரண்டுக்கும் சேர்த்து வெள்ளத்துரைக்குத் திமிர் வந்தது.

மெட்ராஸ் போய்ப் பயிற்சி எடுத்தவர் அவர் ஒருவர்தான். பில் போடும் பெண் ஞானதீபத்துக்கும் ஒரு பாஸ்வேர்டு உண்டு; அதை வைத்து பில் மட்டும் போடலாம். கரண்ட் போய் வந்தால் பெட்டியை எழுப்ப, விலையை மாற்ற, யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்ய வேறொரு பாஸ்வேர்டு. அது வெள்ளத்துரையிடம் மட்டும். 'பாஸ்வேர்டு' என்று உச்சரிக்கும்போதே அவர் குரல் கர்ப்பக்கிரகத்து அர்ச்சகர் மாதிரித் தணிந்துவிடும்.

"ஏம்வே, எனக்காவது சொல்லி வையும். நாந்தான மொதலாளி?" என்று மூக்கால் கேட்பார் முதலாளி சங்கரசுப்பிரமணியன்.

"ஒங்களுக்குத் தெரிஞ்சா ஒங்க மேலயும்லா சந்தேகம் வரும்? ஒங்க நன்மைக்குத்தான் சொல்லுதேன்."

முதலாளி நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

வெள்ளத்துரைக்கு இன்னொரு பதவியும் இருந்தது. தங்கை அன்னக்கிளிக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவரே. அவள் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தாள். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியுமா? கல்யாண மண்டபத்தில் பட்டு வேட்டியோடு சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஊரில் கரண்ட் போய் வந்தது.

கொஞ்ச நேரத்தில் முதலாளியே மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பொட்டி பாஸ்வேர்டு கேக்குவே! பில் இல்லாம லாரிக்காரன் நகரமாட்டேங்கான். ஒண்ணு சொல்லும், இல்ல வாரும்."

"சொல்லப்படாது மொதலாளி. வாரேன்."

"எண்ணே, நீ எந்திரிச்சா சண்முகையாவ உக்கார வச்சிருவேன்," என்றாள் அன்னக்கிளி. "நல்ல நேரம் முடியப்போகுது."

சண்முகையா சித்தி மகன். அவன் வேட்டியை உதறிக்கட்டித் தயாராக நின்றான்.

வெள்ளத்துரை ஊசியைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், சண்முகையாவின் சிரிப்பைப் பார்த்தார். பிள்ளையோடு எழுந்தார்.

"எல்லாரும் ஆபீசுக்கு வாங்க. ஆசாரி, நீரும்தான்!"

தூசி படும் என்று முதலாளியையே கதவுக்கு வெளியே நிறுத்திய அறைக்குள் சொந்தபந்தம் முழுக்க ஏறியது. "ஏட்டி, ஊட்டி மாதிரில்லா இருக்கு! இங்கனயே பந்தியும் போட்ருவோமா?" என்றாள் ஒரு அத்தை.

வெள்ளத்துரை நாற்காலியில் உட்கார்ந்ததுமே ஆசாரி அதட்டினார். "ரெண்டு கையாலயும் தலையப் பிடியும். விட்டீருன்னா கண்ணுல ஏறிரும்."

ஊசி இறங்கியது. பிள்ளை வீறிட்டது. வெளியே லாரி ஹாரன். வெள்ளத்துரைக்கு இரண்டு கையும் போதவில்லை; எங்கிருந்து கீபோர்டைத் தட்ட?

"ஞானதீபம்... நீயே அடிம்மா... ஒண்ணு... ரெண்டு..."

"கேக்கல அண்ணாச்சி! சத்தமாச் சொல்லுங்க!"

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு!"

பெட்டி திறந்தது.

"இதையாவே ரெண்டு வருசமா ஒளிச்சு வச்சீரு?" என்றார் முதலாளி.

"மெட்ராஸ்காரன் போட்டுக் குடுத்தது. மாத்தினா மறந்துருவனோன்னு..."

"இப்ப லாரிக்காரனுக்கே தெரிஞ்சுபோச்சு. ஒடனே மாத்தும்வே!"

"மாத்துதேன் மொதலாளி," என்றார் வெள்ளத்துரை, பிள்ளையின் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டே. "இன்னொரு காது பாக்கி இருக்குல்லா?"